திருச்சி–யாழ்ப்பாணம்: 184 கி.மீ.க்கு ஏன் ஒரு மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி–யாழ்ப்பாணம் நேரடி விமானச் சேவை 2025 மார்ச் 30-ல் தொடங்கியது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 184 கி.மீ., அதாவது 99 கடல் மைல். இத்தடத்துக்குரிய ஏ.டி.ஆர். 72 என்ற சுழல்விசிறி (புரொப்பெல்லர்) விமானம் மணிக்கு 510 கி.மீ. வரை போகும். வகுத்துப் பார்ப்பவர்களுக்கு 22 நிமிடம் வருகிறது. கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமான நிறுவனம் நேரத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறது என்று நினைப்பது சரியல்ல.

அட்டவணை நேரம் தரையிலேயே தொடங்கிவிடுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. இரு முனைகளிலும் தரையில் ஊர்வதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும்.

பறக்கும்போதும் முழு வேகம் கொஞ்ச நேரம்தான். பறக்கும் உயரம் 15,000 அடி என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறப் பன்னிரண்டு நிமிடம்போல ஆகும். அதற்குள் 40 கடல் மைல் கடந்திருக்கும், அதுவும் குறைந்த வேகத்தில். இறங்குவதற்கு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 3 கடல் மைல் வேண்டும் என்பது விமானிகள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் 45 கடல் மைல். மொத்தத் தூரமான 99-ல் மிஞ்சுவது 14 கடல் மைல். அந்த 510 கி.மீ. வேகம் செல்லுபடியாவது இந்த மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மட்டுமே.

அடுத்தது காற்று. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கு நோக்கி எழும்பி, பிறகுதான் தென்கிழக்கே திரும்ப வேண்டும். யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலியின் ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காக உள்ளது. அதே பருவத்தில் வடகிழக்குப் பக்கம் சுற்றிப் போய், தென்மேற்கு நோக்கி இறங்க வேண்டும். இரண்டு முனையிலும் சுற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது திருச்சியில் கிழக்கு நோக்கியே எழும்பலாம் என்பதால் அந்தச் சில நிமிடங்கள் மிச்சம். ஆனால் மழைமேகத்தைத் தவிர்த்து விலகிப் பறக்க அதுவே செலவாகிவிடலாம்.

சென்னைத் தடத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். சென்னை–யாழ்ப்பாணம் சுமார் 354 கி.மீ., கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணிதான். தரை ஊர்தல், ஏற்றம், இறக்கம் ஆகியவை எந்தத் தூரத்துக்கும் பொது. கூடுதல் 170 கி.மீ. மட்டுமே முழு வேகத்தில் கழிகிறது.

இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் பலவும் மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. குறுந்தடங்களுக்கு அவற்றை நம்பி இணைப்பு ரயிலோ பேருந்தோ பதிவு செய்பவர்கள் சிரமப்படுவார்கள். இது வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி எடுப்பது ஆகியவற்றுக்கும் தனியே நேரம் ஒதுக்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்.

எனவே, புதிய தடங்கள் பற்றிய செய்திகளில் நேர்கோட்டுத் தூரத்தோடு நிறுத்தாமல், விமான வகையையும் அட்டவணைப்படி புறப்படும், சேரும் நேரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி