‘டிமைஸ்’ என்றால் மரணம் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களையும் அபூர்வமான ஆங்கிலச் சொற்களையும் நாளுக்கு ஒன்றாகப் பொருளுடன் வெளியிட்டு வருகிறீர்கள். அந்தச் சிறு கட்டத்தை ஒரு நாளும் விடாமல் கத்தரித்து நோட்டில் ஒட்டி வருகிறவன் நான். சென்ற வாரம் ‘டிமைஸ்’ என்ற சொல் வந்திருந்தது; ‘மரணம், மறைவு’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். அது தவறில்லை என்றாலும், அந்தச் சொல்லுக்கு அதைவிட மூத்த பொருள் ஒன்று உண்டு. அது தெரியாததால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பாரிமுனையை அடுத்த தம்புச் செட்டித் தெருவில் 36 ஆண்டுகள் ஜாப் டைப்பிங் செய்து பிழைத்தவன். வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, முத்திரைத்தாளிலும் பச்சைத் தாளிலும் கிரயப் பத்திரம், குத்தகைப் பத்திரம், உயில் என்று இரவு எட்டு மணி வரை அடித்துக்கொண்டிருப்பேன். ஒரு எழுத்துப் பிழை விழுந்தாலும் அந்தத் தாளின் விலை என் தலையில் விடியும் என்பதால், புரியாத சொல்லை அடிக்கும்போது கை நடுங்கும். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

எங்கள் எதிர் வீட்டு அம்மாளின் மாமனார், 1950களில், இப்போது அவர்கள் குடியிருக்கும் வீட்டின் அடிமனையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பத்திரம் முழுவதும் ஆங்கிலம். சில ஆண்டுகளுக்கு முன்பு மனைக்காரரின் வாரிசுகள் சார்பில் ஒருவர் வந்து, பத்திரத்திலேயே மரணத்தைப் பற்றி எழுதியிருக்கிறது, குத்தகை எடுத்தவர் இறந்ததோடு குத்தகையும் முடிந்துவிட்டது, கொடுக்கிற தொகையை வாங்கிக்கொண்டு காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியில் படிக்கும் பேரன் கைப்பேசி அகராதியில் பார்த்தான். ‘டிமைஸ்’ என்றால் மரணம் என்றே அதிலும் முதலில் வந்தது. இரண்டு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள், இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து, மடிப்புகளில் கிழிந்திருந்த அதை ஒரு பழைய காலண்டர் அட்டையின் மேல் வைத்து என்னிடம் கொண்டுவந்து, “அண்ணா, இதுல சாவுன்னு எங்க எழுதியிருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

நான் விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியில் ‘டிமைஸ்’ வினைச்சொல்லாக நின்றது. மனைக்காரர் குத்தகைதாரருக்கு, அவருடைய வாரிசுகளுக்கும் சேர்த்து, அந்த மனையை ‘டிமைஸ்’ செய்கிறார் என்று எழுதியிருந்தது. குத்தகையாக விட்டுக்கொடுக்கிறார் என்பதே அதன் பொருள். கையிலிருப்பதை விடுதல் என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, சட்டத்தில் சொத்தைக் கைமாற்றுவதைக் குறித்தது அது. ஓர் அரசர் இறக்கும்போது முடி அடுத்தவருக்குக் கைமாறுவதால், அந்தக் கைமாற்றத்தையும் இதே சொல்லால் குறித்தார்கள். அதிலிருந்துதான் மரணம் என்ற பொருள் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அவர்களை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன். அவரும் அதையே சொன்னார். குடும்பம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

பழைய ஆங்கிலச் சொல் என்றால் அது இங்கிலாந்தில் எங்கோ ஓர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் வேடிக்கைப் பொருள் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு பெட்டிக்குள் அந்தச் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. வீடு, அதைச் சேர்ந்த கொட்டகை, கொல்லை, மனை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்டும் ‘மெஸ்வேஜ்’ என்ற சொல்லை இன்று லண்டனில் பேச்சில் கேட்க முடியாது. நான் அடித்த கிரயப் பத்திரங்களில் அது திரும்பத் திரும்ப வரும். நம் தமிழ்ப் பத்திரங்களில் ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்று புதையல், நீர், மரம், கல் வரை ஒரே மூச்சில் எழுதுவதை நினைத்துக்கொண்டால், ஆங்கிலப் பத்திரம் ஏன் எதையும் விடாமல் அப்படிச் சேர்த்துச் சொல்கிறது என்பது உடனே விளங்கிவிடும். நாளை எந்தப் பொருளின் மேலும் வழக்கு வந்துவிடக் கூடாது என்ற அச்சம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் பொதுவானது.

‘இண்டென்சர்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் பல் பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பிறகு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது பல்லோடு பல் பொருந்தினால்தான் பத்திரம் மெய்யானது. பல் என்று பொருள்படும் லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. 1860இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நம் மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிச் சென்றதே, அவர்கள் பெயருக்கு முன்னால் ஒட்டிய சொல்லும் இதுதான். மாணவர் பக்கத்தில் ‘ஒப்பந்தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்தப் பல்லும் தெரியாது, அந்தக் கப்பலும் தெரியாது.

வெளிநாடு போகும் பிள்ளைகள் யாராவது தங்கள் பாஸ்போர்ட்டின் உள்ளட்டையைப் படித்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. குடியரசுத் தலைவர் பெயரால் வரும் அந்த வாசகத்தில், இதை வைத்திருப்பவரை ‘லெட்’டும் இடையூறும் இல்லாமல் போகவிட வேண்டும் என்று இருக்கிறது. ‘லெட்’ என்றால் அனுமதி என்று ஒன்றாம் வகுப்பில் படித்தவனுக்கு, அனுமதி இல்லாமல் போகவிடச் சொல்வதாகத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஒன்று விடுதல், மற்றொன்று தடுத்தல். உச்சரிப்புத் தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. தடுத்தல் என்ற பொருள் பேச்சில் செத்துவிட்டாலும் பாஸ்போர்ட்டில் இன்னும் நிற்கிறது. அயல்நாடு செல்லும் ஒவ்வொரு இந்தியரின் சட்டைப் பையிலும் இருக்கும் இந்தச் சொல் தங்கள் கட்டத்தில் இதுவரை வரவில்லை.

என் இரண்டாவது வருத்தம், பொருள் சொல்லத் தாங்கள் பயன்படுத்தும் தமிழைப் பற்றியது. சில மாதங்களுக்கு முன்பு ‘ஓவர்மாரோ’ என்ற சொல்லுக்கு ‘நாளைக்கு அடுத்த தினம்’ என்று போட்டிருந்தீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இருந்த அழகான சொல் அது. ஜெர்மானியர்கள் அதன் உறவுச் சொல்லை இன்றும் தினமும் பேசுகிறார்கள். ஆங்கிலேயர்கள் அதைத் தொலைத்துவிட்டு, அந்த ஒரு நாளைச் சொல்ல மூன்று நான்கு சொற்களைச் செலவழிக்கிறார்கள். நாம் தொலைக்கவில்லையே! காசிமேட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மா, “இன்னிக்கு வஞ்சிரம் நல்லா இல்ல நைனா, நாளான்னிக்குத் தங்குகடல் போட்டு வருது, அப்ப வாங்கிக்கோ” என்கிறார். (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் படகைத்தான் ‘தங்குகடல் போட்டு’ என்கிறார்.) ‘நாளான்னிக்கு’, எழுத்தில் ‘நாளை மறுநாள்’ என்று போட்டிருந்தால், ஆங்கிலம் இழந்தது என்ன, நாம் வைத்திருப்பது என்ன என்பது ஒரு நொடியில் மாணவனுக்குப் புரிந்திருக்கும். நேற்றைக்கு முந்தைய நாளைக் குறிக்கும் ‘எரியெஸ்டர்டே’வுக்கு நம் ‘முந்தாநாள்’ இருக்கிறது.

காசிமேட்டைச் சொன்னதால் இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும்; என் நோட்டில் இருப்பவற்றுள் என்னை மிகவும் உலுக்கிய சொல் அது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பேராலயத்தில், பத்தாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதில் ஒரு பெண் தன் கணவன் அலைகளைக் கடந்து போய்விட்டதைப் பற்றிப் பாடுகிறாள். அவன் எங்கே இருக்கிறானோ என்று விடிவதற்கு முன் விழித்துக்கொண்டு படும் துயரத்துக்கு அவள் சொல்லும் பெயர் ‘ஊஹ்ட்சேயரு’. ‘ஊஹ்ட்’ என்றால் இரவின் கடைசிப் பகுதி, ‘சேயரு’ என்றால் கவலை. ஆங்கில அகராதிகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் ‘அதிகாலை மனஅழுத்தம்’ என்பது போல ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறார்கள். நம்மிடம் ‘கடைச்சாமம்’ என்ற சொல் அப்படியே இருக்கிறதே! கடைச்சாமக் கவலை என்று சொல்லிப் பாருங்கள். காற்றும் மழையும் அடித்த ஒரு நாள், மீன்பிடித் துறைமுகத்தில், ஏலம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு விசைப்படகுகள் வரும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் யாரோடும் பேசவில்லை. தூரத்தில் ஒரு விளக்கு தெரியும்போதெல்லாம் எழுந்து நின்று, தங்கள் படகு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளை எனக்குக் காட்டியது அந்தக் காட்சிதான்.

இதே போல, ஆங்கிலேயர்கள் நம் ஊரில் உண்டாக்கிவிட்டு மறந்துபோன சொற்கள் தனி வகை. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் ‘கஞ்சி ஹவுஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. படைப்பிரிவின் சிறைக் கொட்டடிக்கு அந்தப் பெயர். உள்ளே கிடப்பவனுக்குக் கஞ்சிதான் உணவு என்பதால் வந்த பெயர் அது. அதே கஞ்சி எங்கள் ராயபுரத்தில் வேறொரு பொருளோடு நிற்கிறது. 1782இல், போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடத்திலிருந்து வளர்ந்ததுதான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையின் மூலமும் அதுவே. வயதானவர்கள் இன்றும் அந்த மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சத்திரத்தின் ஆங்கிலப் பெயர் ‘மோனிகர் சவுல்ட்ரி’. அதில் மணியக்காரர் ‘மோனிகர்’ ஆனார். ‘சவுல்ட்ரி’ என்பது நம் சாவடியின் திரிபு. ‘டிபன்’ என்ற சொல்லையும் இவ்வகையில் சேர்க்க வேண்டும்: வேளை தவறித் தின்பதையும் குடிப்பதையும் ‘டிஃபிங்’ என்று இங்கிலாந்தில் கொச்சையாகச் சொன்னதை 1785ஆம் ஆண்டுக் கொச்சைச்சொல் அகராதி ஒன்று பதிவு செய்திருக்கிறது. அங்கே அது மறைந்துவிட்டது; இங்கே மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வீடு கேட்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அரிய சொல் என்று கைப்பேசியில் சுற்றிவருவதெல்லாம் பழையதல்ல. மண்வாசனையைக் குறிக்கும் ‘பெட்ரிகோர்’ என்ற சொல்லைப் பண்டைக் கிரேக்கச் சொல் என்று பலரும் அனுப்புகிறார்கள். அது ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இருவர் கிரேக்க வேர்களைக் கொண்டு 1964இல் உருவாக்கியது. மாறாக, குளிர்கால வெயிலின் இதமான சூட்டைக் குறிக்கும் ‘அப்ரிசிட்டி’, 1623இல் காக்கரம் என்பவர் வெளியிட்ட அகராதியிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் மொட்டை மாடியில் நம் பாட்டிமார் காய்ந்த அந்த இளவெயிலுக்கு நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலப் பெயர் இருப்பதை அறியும் பிள்ளைக்கு ஏற்படும் மகிழ்ச்சியே வேறு. ஆகவே சொல்லோடு அதன் ஆண்டையும் தர வேண்டுகிறேன்.

பொருள் மாறிய சொற்களுக்கும் அந்தக் கட்டத்தில் இடம் வேண்டும். ‘ஸ்டிங்க்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் நறுமணம் வீசுவதற்கும் பயன்பட்டது; நம் சங்கப் பாடல்களின் ‘நாற்றம்’ பூவின் மணமாக இருந்து இன்று மூக்கைப் பிடிக்க வைக்கும் சொல்லாகிவிட்டதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை; பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டாலே போதும்.

எனவே ஆசிரியர் அவர்கள், முதலில் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பத்திரச் சொற்களையும், பாஸ்போர்ட்டிலும் வங்கித் தாள்களிலும் நாம் கையெழுத்திடும் இடங்களில் இருக்கும் பழஞ்சொற்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூத்த பொருள், பின்னால் வந்த பொருள், நம் மக்கள் வாயில் அதற்கு இருக்கும் தமிழ்ச்சொல் ஆகிய மூன்றையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டத்தை இரண்டு அங்குலம் பெரிதாக்க வேண்டியிருக்கும். டைப் அடித்த காலத்தில் நான் எழுதி வைத்த இரண்டு நோட்டுகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. மூத்த வழக்கறிஞர்களிடம் கேட்டுச் சரிபார்த்தவை அவை. தங்கள் அலுவலகத்துக்கு அவற்றை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். தொடக்கமாக, ‘டிமைஸ்’ என்ற சொல்லை மட்டும் அடுத்த வாரம் மறுபடி ஒருமுறை, குத்தகைப் பொருளையும் சேர்த்து வெளியிடுங்கள். எதிர் வீட்டு அம்மாள் அதைக் கத்தரித்துப் பத்திரத்தோடு வைக்கக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 13