உன் வெல்டிங் மெஷின் விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடாமல் விட்டது என் தப்புதான், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

"250 ஆம்பியர் மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நாளைப் பின்னே உதவும்" என்று எழுதியிருந்தாய். படித்ததும், தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிய உன் தொலைநோக்கிதான் ஞாபகம் வந்தது. அக்காவிடம் இதைச் சொல்லிப் பார், அவளும் அதைத்தான் சொல்வாள்.

நீ செய்யப்போவது என்ன? பூந்தொட்டி ஸ்டாண்டு, ஒரு வேலை மேசை, கேட்டுக்குக் கீல். எல்லாம் 2 மில்லி, 3 மில்லி கனத்துக் குழாயும் ஆங்கிளும். 2.5 மில்லி ராடு (உருகி இரும்பை ஒட்டவைக்கிற பூச்சுக் கம்பி) போதும், அதற்கு 70-லிருந்து 90 ஆம்பியர் வேண்டும். 3.15 ராடு மாட்டினாலும் 130 பக்கம்தான் போகும். உண்மையாகவே 160 தருகிற இன்வெர்ட்டர் மெஷின் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, எடை குறைந்த எலெக்ட்ரானிக் வெல்டிங் மெஷின்) இருந்தால் உனக்கு வேறெதுவும் தேவைப்படாது.

அந்த "உண்மையாகவே"யில்தான் ஏமாந்துபோகிறார்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை விடு. ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் படி. டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் பத்தவைக்கலாம் என்கிற கணக்கு அது. 160-க்கு 60 சதவீதம் என்றால் 6 நிமிடம் வேலை, 4 நிமிடம் ஓய்வு. 40 டிகிரி சூட்டில் சோதித்ததா என்றும் பார். ஆம்பியரைக் குறைத்தால் சதவீதம் கிடுகிடுவென ஏறும். 200-ல் 20 சதவீதம் தாங்குவது 115-ல் ஏறக்குறைய 60 தாங்கும். சதவீதமே போடாத மெஷின் என்றால் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

அதே சமயம் பெரிய சதவீதத்துக்காகக் காசைக் கொட்டவும் வேண்டாம். ஒரு ராடு எரிந்து தீர ஒரு நிமிடம் சொச்சம். அப்புறம் பத்தவைத்த தையல்மேல் இறுகிய கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, தையலைக் குனிந்து பார்த்து, அடுத்த ராடை மாட்டுவதற்குள் இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர்களுக்கு மெஷின் தானாகவே ஆறிக்கொள்ளும்.

மிக், டிக் என்று வேறு வெல்டிங் முறைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். டிக்குக்கு ஆர்கான் கேஸ் சிலிண்டர் வேண்டும், கையும் நன்றாகப் பழக வேண்டும். மிக்கில் ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வரும். கேஸ் இல்லாமல் ஃபிளக்ஸ் கம்பி (உள்ளே காப்புத் தூள் அடைத்தது) போட்டும் ஓட்டலாம், மெல்லிய தகட்டுக்கு ராடை விட நல்லது. வெட்டவெளியில், கொஞ்சம் துருவோடு இருக்கும் இரும்பில் வேலை என்றால் ராடுதான். 6013 என்று எண் போட்ட ராடில் ஆரம்பி. ஆம்பியரும் சாய்வும் சரியாக அமைந்த அன்று கசடு தானாகவே சுருண்டு எழும்பும், அடியில் மீன் செதில் மாதிரி வரிவரியாகத் தையல் தெரியும். அதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

என் மெஷின் முதல் மாதம் சரியாகப் பற்றவே இல்லை. ராடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் உடையும். மெஷினையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எர்த் கிளாம்பை, அதான் வேலை செய்யும் இரும்பைக் கவ்வி மின்சாரம் மெஷினுக்குத் திரும்ப வழிவிடும் கிளிப்பை, தொட்டால் கை சுட்டது. கூடவே வந்த தகரக் கிளாம்பு, பல்லு சரியாகக் கவ்வவில்லை. கனமான பித்தளைக் கிளாம்பை மாற்றி, கவ்வும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டேன், அன்றோடு தொல்லை தீர்ந்தது. கேபிளையும் நுனியில் பார். செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் சீக்கிரம் சூடாகும். எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் எப்பேர்ப்பட்ட மெஷினும் திணறும்.

சரி, இப்போது அந்தக் காரணம். போன மாதம் மேசைக் கால் ஒன்று, நாலே டேக்தான், அதாவது நாலு சின்னப் பொட்டு வெல்டு. ஹெல்மெட் வீட்டுக்குள்ளே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம் என்று அடித்தேன், ஒவ்வொரு தடவையும் கண் ஒரு கணம் பிந்தித்தான் மூடியது. சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தேன், இமைக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. தண்ணீராகக் கொட்டியது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. சின்னவள் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்திருக்கிறது என்றார். இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்த இருட்டு அறையில் என் மகள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் பேனா எடுக்கவே தோன்றவில்லை.

அதனால் சொல்கிறேன், 250-ஐ விட்டுவிட்டு 160-ஐ வாங்கு. மிச்சமாகும் பணத்தில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்று வாங்கு. ஷேடு, அதாவது கண்ணாடி கறுக்கும் அளவு, 9-லிருந்து 13 வரை மாற்றக் கூடியதாக இருக்கட்டும், நீ பிடிக்கும் ஆம்பியருக்கு 10 அல்லது 11 சரியாக இருக்கும். தோல் கையுறை, பருத்திச் சட்டை. அப்புறம், உன் கேட்டுக் குழாய் துத்தநாகம் பூசியதா என்று பார்த்து எழுது. பூசியதென்றால் பத்தவைக்கும் இடத்தில் பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் வேலை. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

மெஷின் வாங்குமுன் அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, அன்றைக்கே பதில் போடுகிறேன்.

உன்
மாப்ளே