ஒரே தாளை எல்லா வயதுக்கும் கொடுக்காதீர்கள்

உணவு அறிவுரை சொல்லும் மருத்துவர்களுக்கும் ஊட்டச்சத்து நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் இரண்டு வருடம் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் ‘தவிர்க்க வேண்டியவை’ என்று 14 வரிகள். வலப்பக்கம் ‘சேர்க்க வேண்டியவை’ என்று 5 வரிகள். இரத்தத்தில் சர்க்கரை லேசாகக் கூடியிருக்கிறது என்று 74 வயதான என் அம்மாவுக்குக் கொடுத்த தாள் அது. சில மாதம் கழித்து, கொழுப்பு கூடியிருக்கிறது என்று 48 வயதான எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அப்புறம், எடை கூடிவிட்டது என்று 15 வயதான என் அக்கா மகனுக்கும் ஒன்று. ஒருநாள் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. மேலே பெயர் எழுத ஒரு கோடு இருந்தது. வயது எழுத இடமே இல்லை.

அந்த இடம் இல்லாமல் போனதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அம்மா மருத்துவர் சொல்லைத் தட்டாதவர். தாளில் ‘குறைக்கவும்’ என்று இருந்ததை எல்லாம் ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டார். இனிப்பு போனது, எண்ணெய் போனது, உப்பு போனது. பயம் ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் தொடும் அல்லவா? முட்டை போனது, பாலும் போனது. ஒரு வருடத்தில் 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்தார். பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் அவரால் எழ முடியவில்லை என்பதைப் பார்த்தும் அதை வயதின் மேல் போட்டோம். ஒரு விடியற்காலை வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பைச் சேர்த்த மருத்துவர் படம் எடுத்துப் பார்த்ததற்கு அப்புறம் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?” என்பது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. என்ன சாப்பிடக் கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். நீங்கள் படித்த பாடம்தான் இது. ஆனால் உங்கள் பாடத்தில் இருப்பது உங்கள் தாளில் இல்லை.

முதுமையில் தசை உணவுக்கு முன்போல அசைந்து கொடுப்பதில்லை. ஓர் இளைஞனின் உடலில் தசையைக் கட்டப் போதுமான புரதம், அதே எடையுள்ள முதியவருக்குப் போதாது. பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்த ஒரு குழு 2013இல் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு முற்றியவர்களுக்குக் கணக்கு வேறு. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் பழைய எடைக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 58 முதல் 70 கிராம். அந்தத் தாளின்படி அவர் ஒருநாள் சாப்பிட்டதை எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 35 கிராமைத் தாண்டவில்லை.

புரதம் மட்டுமா? வயதானால் மூக்கு மங்குகிறது. மூக்கு மங்கினால் சுவையில் பாதி போய்விடுகிறது. தாகம் எடுப்பது குறைகிறது, அதனால் உடம்பு வறண்டாலும் தண்ணீர் தேடத் தோன்றுவதில்லை. வயிற்றில் அமிலம் சுரப்பது குறைந்தால் உணவிலிருக்கும் வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுக்க முடிவதில்லை. வெயிலில் நின்றாலும் தோல் முன்னைப் போல வைட்டமின் டியைத் தயாரிப்பதில்லை. பல் ஆடும். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. இப்படிப் பசி தானாகவே தேய்ந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் போய் ‘குறை, குறை’ என்றால் அவர் எதைக் குறைப்பார்? உப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது சரிதான். நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோகும் முதியவருக்கு முதல் ஆபத்து உப்பு அல்ல, அந்த மிச்சம். காரணம் தெரியாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே அது எச்சரிக்கை மணி. எங்கள் வீட்டில் 12 சதவீதம் குறைந்தது. காரணம் தாள் என்பதால் யாருக்கும் மணி கேட்கவில்லை.

சரி, வாழ்க்கையின் மறுமுனைக்கு வருகிறேன். இங்கேயும் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, வீட்டில் எல்லோரும் ‘ஆரோக்கியமாக’ மாறிவிட்ட சமயம். குழந்தைக்கும் அதே மாதிரி, கொழுப்பில்லாமல், தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தார்கள். ஏழு மாதக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான். அதில் தண்ணீரை நிரப்பினால் உணவுக்கு இடம் எங்கே? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு மற்ற உணவு என்பதை எல்லோரும் சொல்கிறீர்கள். ஏன் ஆறு மாதம் என்று சொல்கிறீர்களா? பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்து ஏறக்குறைய அப்போது தீர ஆரம்பிக்கிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் அப்பாவுக்கு 8 மில்லிகிராம் போதும். இந்த ஒரு கணக்கைச் சொன்னபோது என் தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே முட்டையும் மசித்த பருப்பும் குழந்தையின் கிண்ணத்துக்கு வந்தன. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்று நீங்கள் சொன்னால், அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பாட்டிகளும் கேட்பார்கள்.

அப்புறம், ‘என் பிள்ளை காய்கறியே தொடமாட்டான்’ என்ற புகார். இரண்டு வயதை ஒட்டி, தெரியாத உணவைக் கண்டு பயப்படுவது பிள்ளைகளின் இயல்பு. பிடிவாதம் என்று அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். ஒரு புது உணவை ஏற்க எட்டு, பத்து முறை, சிலருக்கு 15 முறைகூட அதை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று முறை துப்பியதும் பெரும்பாலான வீடுகளில் அந்தக் காய் ‘பிடிக்காது’ பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு பங்கீட்டைச் சொன்னார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. வீட்டில் சண்டை நடப்பது எல்லாம் இந்த இரண்டும் கலந்துவிடும் இடத்தில்தான்.

கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1926இல் தொடங்கிய சோதனை ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். பால்குடி மறந்த 15 குழந்தைகளின் முன் பலவகை உணவை வைத்து, எதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று விட்டார். பல வருடம் கவனித்து 1939இல் எழுதினார்: குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு ‘குழந்தைக்குத் தன் தேவை தெரியும்’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்தத் தட்டுகளில் சர்க்கரையோ பதப்படுத்திய உணவோ ஒன்றுகூட இல்லை. சோதனையின் சூட்சுமமே அந்த உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே சொல்லிவிட்டார். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அந்தப் பட்டியல்தான்.

அக்கா மகனின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. எலும்பு கட்டும் வயது அவனுடையது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 9 முதல் 18 வயது வரை நாளுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். வாழ்நாளில் அதைவிட அதிகத் தேவை வேறு எப்போதும் இல்லை. அந்த வயதில் போட்டுவைத்த எலும்பைத்தான் என் அம்மாவின் வயதில் எடுத்துச் செலவழிக்கிறோம். அவனைத் தராசில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் எண்ணைச் சொல்லி, தாளைக் கொடுத்தார்கள். காலை உணவை நிறுத்தினான். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அடுக்களையில் நின்று சாப்பிட்டான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் எச்சரித்தது: வளரிளம் பிள்ளைகளைப் பத்தியம் இருக்கத் தூண்டாதீர்கள், எடையைப் பேச்சாக்காதீர்கள், குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். அவனுக்கு உதவியதும் சேர்ந்து சாப்பிட்ட ராத்திரிகள்தான்.

கருத்தரிக்க நினைக்கும் பெண்களிடம் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழாய் சரியாக மூட அது உதவுகிறது. அந்தக் குழாயோ கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அதற்கு அப்புறம்தான் கர்ப்பம் என்றே தெரியும்.

என் வயதுக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தாள் ஓரளவு பொருந்தியது எங்களுக்குத்தான். ‘40ஐத் தாண்டினால் உடம்பு கலோரி எரிப்பதைக் குறைத்துவிடும்’ என்று நான் நம்பியிருந்தேன். 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை அது மாறுவதில்லை என்றது. அப்படியென்றால் மாறியது என் நாள்: நாற்காலி நேரம், தூக்கம், நின்றபடி விழுங்கிய சாப்பாடு. 14 தடைகளை ஒரே திங்கட்கிழமையில் தொடங்கி வியாழக்கிழமை விட்டேன். பிறகு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன்: மதிய உணவோடு ஒரு பழம். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 ஆகும் என்று கணித்தார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வியாழக்கிழமை கைவிட்டிருக்க மாட்டேன்.

உங்களுக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வரிசை நிற்கிறது. அதனால்தான் தாள் அச்சடிக்கிறீர்கள். தாளே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. வயதுக்கு ஒன்றாக நான்கைந்து தாள் அடியுங்கள். முதியவருக்கான தாளில் ‘சேர்க்க வேண்டியவை’ மேலே வரட்டும். கொடுப்பதற்கு முன் நேற்று என்ன சாப்பிட்டார், யார் சமைக்கிறார், யாரோடு சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்; இரண்டு நிமிடம் ஆகும். ஒரே ஒரு மாற்றத்தை வட்டம் போட்டுக் காட்டி, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது காலையில் முட்டை சாப்பிடுகிறார், மாலையில் பால் குடிக்கிறார். எடை 54 கிலோ. சர்க்கரை அளவு மோசமாகவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார், நாங்கள் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை எழுந்து காட்டுகிறார். பழைய தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றிலும் பெயருக்குப் பக்கத்தில் நானே கோடு போட்டு வயதை எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மகள்