கேஸ் ஷீட்டில் சிவப்பு மை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக இருந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் கேஸ் ஷீட்டில் 'எச்.ஐ.வி.' என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி, கட்டில் காலடியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டு உட்காராமலேயே கிளம்பினார்கள். பிரஷர் பார்க்கவும் இரண்டு கையுறை!

தொட்டால் பரவாது என்பது செவிலியருக்குமா தெரியாது? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால்கூடத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்றுதான். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் இதை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தின் ஆலோசகர்களை வரவழைத்து, ஆயாம்மா முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் வகுப்பு நடத்த மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்