இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான்

அன்புள்ள ரஃபீக்,

உன் மெயிலும், கூட வந்த இரண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டும் பார்த்தேன். ஒரே லாட், ஒரே கறுப்பு லைனிங் தோல். சென்னை லேப் 'கண்டறியப்படவில்லை' என்கிறது. ஜெர்மனியில் பையர் கொடுத்துப் பார்த்த லேப், கிலோவுக்கு 7 மில்லிகிராம் குரோம் சிக்ஸ், அதாவது ஒவ்வாமை தரும் குரோமியம் வகை, இருக்கிறது என்கிறது; ஐரோப்பிய வரம்பு 3. "இதுல ஒருத்தன் பொய் சொல்றான்" என்று எழுதியிருக்கிறாய். யாரும் பொய் சொல்லவில்லை. ஜெர்மன் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பார்: 80 டிகிரி, 24 மணி நேரம், ஏஜிங் (சூட்டில் வைத்துப் பழசாக்குவது) செய்த பிறகு. சென்னையில் தோலை அப்படியே வெட்டிச் சோதித்திருக்கிறார்கள். உன் தோலுக்கு இரண்டு வயதில் இரண்டு பரிசோதனை நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழியை நேரே பி.சி.எஸ். (பதனிடும் குரோமியம் உப்பு) சப்ளையர் மேல் போட்டுவிடாதே. நல்ல கம்பெனியின் பச்சைப் பவுடரில் இருப்பது அவ்வளவு ஆபத்தில்லாத குரோம் த்ரீ. பெல்ட் (முடி நீக்கிய பச்சைத் தோல்) எடைக்கு 6 முதல் 8 சதவீதம் போட்டு, பேசிஃபிகேஷனில், அதாவது காரம் சேர்க்கும் கட்டத்தில், பி.ஹெச். 3.8, 4 வரை ஏற்றி, வெட் புளூ என்ற நீல ஈரத் தோலாக வெளியே வரும்போதும் அதே குரோம் த்ரீதான். சிக்ஸ் அதற்குப் பிறகு தோலுக்குள்ளேயே பிறக்கிறது. அதற்கு மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும்: கெட்டுப்போகும் எண்ணெய், குறையாமல் நின்றுவிட்ட பி.ஹெச்., வறண்ட சூடு. மீன் எண்ணெய் மாதிரி நிறைவுறாத கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடிக்கும்போது பெராக்சைடுகள் உண்டாகின்றன. அவைதான் த்ரீயை சிக்ஸ் ஆக்குகின்றன. காரத்தன்மை கூடினால் அந்த வேலை இன்னும் சுலபம்.

உன் லைனிங் கறுப்பு என்பதை மறக்காதே. கறுப்புச் சாயம் குறுக்கு வெட்டு முழுக்க ஊடுருவ, கூலிக்குச் சாயம் போடும் ஜாப் வொர்க் டிரம்களில் ஒன்று, ஒன்றரை சதவீதம் அம்மோனியா ஊற்றுவது வழக்கம். பி.ஹெச். 6 தாண்டிவிடும். அதே தண்ணீரில் சல்ஃபைட்டட் மீன் எண்ணெய் போகிறது. விலை குறைவு, தோல் பஞ்சு மாதிரி வரும், லைனிங்குக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். கடைசியில் ஃபார்மிக் ஆசிட். ஷேவ் செய்த எடைக்கு ஒன்றரை முதல் 2 சதவீதம், பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, மூன்று தவணையாக, தவணைக்குப் பத்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் ஓட்டம். தாளில் இப்படித்தான் இருக்கும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நடப்பது வேறு. குளியல் (டிரம்மில் உள்ள தண்ணீர்) தெளிந்துவிட்டது, பி.ஹெச். பேப்பர் 3.6 காட்டுகிறது, வடித்துவிடு என்பார்கள். குளியல் 3.6 என்றால் தோலின் நடுப்பகுதியும் 3.6 என்று அர்த்தமில்லை. வடிக்கும் முன் கழுத்துப் பக்கம் ஒரு துண்டும், பின்பக்கம் ஒரு துண்டும் வெட்டி, வெட்டுவாயில் புரோமோகிரெசால் கிரீன் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல். ஓரம் மஞ்சளாகி நடுவில் நீலப் பட்டை நின்றால் ஆசிட் உள்ளே போகவில்லை. கறுப்பில் நிறம் தெரியாது என்று டிரம் மேஸ்திரி சொல்வார். நியாயம்தான். அப்படியானால் காய்ந்த கிரஸ்டை (ஃபினிஷ் செய்யாத தோலை) ஐ.எஸ்.ஓ. 4045 முறையில் தண்ணீரில் ஊறவைத்து பி.ஹெச். பார்க்கட்டும். மூன்றரையிலிருந்து 4-க்குள் இருந்தால் நிம்மதி. ஒரேயடியாக ஆசிட் ஊற்றி 3.2-க்குக் கீழே இறக்கினால் இன்னொரு வம்பு: நாளாக ஆக நாரே இற்றுப்போகும், கிழிவு வலிமை டெஸ்ட்டில் மாட்டுவாய்.

எண்ணெயை மாற்று. சிந்தெட்டிக் அல்லது லனோலின் அடிப்படையிலான ஃபேட்லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்) எடுத்துக்கொள். மீன் எண்ணெய் இல்லாமல் மென்மை வராது என்று அடம்பிடித்தால், ஆன்டிஆக்சிடென்ட் சேர்த்ததைக் கேள். ரீடேனிங்கில், அதாவது இரண்டாம் முறை பதனிடும்போது, 2, 3 சதவீதம் மிமோசா அல்லது தாரா சேர். இந்தத் தாவர டானின் அந்தப் பெராக்சைடுகளைத் தானே வாங்கிக்கொள்ளும். குரோம் சிக்ஸுக்கு எதிராக இதைவிட மலிவான காப்பு எனக்குத் தெரிந்து இல்லை. கறுப்புக்கு மிமோசா போதும். வெள்ளைக்கும் பேஜுக்கும் தாராதான் சரி, மிமோசா வெயிலில் சிவந்துவிடும். அஸ்கார்பிக் ஆசிட் (வைட்டமின் சி) ஸ்பிரே அடித்தால் பாஸ் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இன்றைக்கு இருக்கும் சிக்ஸை அது த்ரீ ஆக்கும், உண்மைதான். ஆனால் வைட்டமின் தீர்ந்த பிறகு எண்ணெய் தன் வேலையைத் திரும்ப ஆரம்பிக்கும்.

வறட்சி விஷயம்தான் நம் ஆட்கள் நம்ப மறுப்பது. ஆம்பூர் கோடவுனில் காற்றின் ஈரம் 65, 70 சதவீதம். அந்த ஈரத்தில் தோல் சாதுவாக இருக்கும். அதே தோல் ஜனவரியில் ஹாம்பர்க் கோடவுனில் ஹீட்டர் காற்றில் கிடந்தால், ஈரம் 30-க்குக் கீழே போய், சிக்ஸ் எட்டிப் பார்க்கும். நடுவில் உன் ஷூ ஃபேக்டரியின் ஹீட் செட்டர் வேறு. ஏஜிங் டெஸ்ட் செய்வது அந்தக் குளிர்காலத்தை ஒரு நாளில் சுருக்கிக் காட்டுவதுதான். சட்டம் ஏஜிங் கேட்பதில்லை. கேட்பது பையரின் கையேடு. நீ கையெழுத்துப் போட்டது அந்தக் கையேட்டில். ஆகவே சென்னை ரிப்போர்ட்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

டெஸ்ட்டைப் பற்றி இரண்டு சொல்லிவிடுகிறேன். 2 கிராம் தோலைப் பொடித்து, காற்று நீக்கிய 100 மில்லி பாஸ்பேட் பஃபரில், பி.ஹெச். 8-ல், 3 மணி நேரம் ஆட்டி எடுப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 17075-ன் முதல் பாகம் அந்தச் சாற்றில் டைஃபினைல் கார்பசைடு விட்டு, எழும் ஊதாச் சிவப்பை 540 நானோமீட்டரில் அளக்கிறது. கறுப்புத் தோலின் சாயமும் சாற்றில் இறங்கினால் அளவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அடர் நிறத்துக்கு இரண்டாம் பாகம், அதாவது அயான் குரோமட்டோகிராஃபி என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடு. அடுத்தது, காசு மிச்சம் என்று மூன்று தோலை ஒன்றாகக் கலந்து ஒரே டெஸ்ட் கொடுக்கும் பழக்கம். ஒன்றில் 8 இருந்து மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் கலவையில் 2.67 வரும், 3-க்குக் கீழே. ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று அச்சாகும். உன் சென்னை ரிப்போர்ட்டில் 'ஏ+பி+சி' என்று போட்டிருப்பதைக் கவனித்தாயா?

இனி நீ கேட்ட கேள்வி: இதெல்லாம் நம் சரக்கைத் தடுக்க அவர்கள் கட்டிய வேலியா?

அந்த 3 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று பார். டென்மார்க் 2012-ல் முன்மொழிந்தது. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் 301-ஆம் எண் விதியாக்கி, ரசாயனங்களுக்கான ரீச் சட்டத்தின் 17-ஆம் இணைப்பில் 47-ஆம் பதிவில் சேர்த்தது. 2015 மே 1 முதல் அமல். உடம்பில் படும் தோல் சரக்கு எதுவானாலும், உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த 3, உடம்புக்கு இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று கண்டுபிடித்த எண் அல்ல. அன்றைய டெஸ்ட் முறையால் நம்பிக்கையாக அளக்க முடிந்த கடைசி அளவு. தோல் சரக்கால் புதிதாக வரும் குரோம் ஒவ்வாமையில் 80 சதவீதம் குறையும் என்று அந்த விதியின் முன்னுரையே கணக்குச் சொல்கிறது. மீதி 20 பற்றி அவர்களுக்கும் தெரியும். கருவி கூர்மையானால் எண் இறங்கும். சருமத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களுக்கென்று பிரான்சும் ஸ்வீடனும் 2019-ல் கொண்டுவந்த முன்மொழிவு 1 மில்லிகிராம் என்கிறது. எனவே 2.8-ல் பாஸ் ஆன தோலைப் பார்த்துச் சந்தோஷப்படாதே.

வேலி என்றால் இத்தாலிக்காரனுக்கும் அதே வேலிதான். அவர்களுடைய தோல் ஊரான அர்சிஞ்ஞானோவிலும் குரோமில்தான் பதனிடுகிறார்கள். ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் சுமை ஒன்றாக இல்லை, உன் கோபத்தில் அந்தப் பாதி நியாயம். அந்த விதி உன்னிடம் ஒரு சர்ட்டிஃபிகேட்டும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் சந்தைக்குக் கொண்டுவருகிறவர், அதாவது இறக்குமதியாளர், பொறுப்பு என்று மட்டும் சொல்கிறது. அவர் அந்தப் பொறுப்பை பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் அச்சடித்து உனக்குத் தள்ளுகிறார். நீ டேனரிக்குத் தள்ளுகிறாய், டேனரிக்காரர் ஜாப் வொர்க் டிரம்முக்குத் தள்ளுகிறார். கடைசியில் அம்மோனியா ஊற்றும் ஆளிடம் வந்து நிற்கிறது, அவரிடம் ஆர்டரின் பின்பக்கத்தை யாரும் படித்துக் காட்டியதில்லை. நடுவில் ஒவ்வொரு கையும் ஒரு டெஸ்ட்டுக்குக் காசு கொடுக்கிறது. டிரம்மில் ஒருவரும் காசு போடுவதில்லை.

சரக்கு துறைமுகத்தில் நிற்பது அபூர்வம். அந்தந்த நாட்டு அதிகாரிகள் கடையில் ஒரு ஜோடி வாங்கிச் சோதிப்பார்கள். ஃபெயில் ஆனால் 'சேஃப்டி கேட்' என்ற ஐரோப்பிய அறிவிப்பில் படத்தோடு வரும், தயாரித்த நாடு உட்பட. குரோம் சிக்ஸுக்காகக் கையுறையும் ஷூவும் அதில் அடிக்கடி வருகின்றன. உனக்கு டெபிட் நோட் (பணத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு) வருவது அதற்குப் பிறகு.

இன்னொன்று, இது திடீரென்று வந்து விழுகிற இடி இல்லை. ஜெர்மனி 1989-ல், பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலுக்கு 5 மில்லிகிராம் வரம்பு போட்டது. 1991-ல் ஐரோப்பா அந்தப் பொருளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1994-ல் ஜெர்மனி, கேடான அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களில் கை வைத்தது. 2002-ல் அதுவே, அமீனுக்கு 30 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உத்தரவானது. குரோம் சிக்ஸுக்கு ஜெர்மனி 2010, ஐரோப்பா 2015. ஒரு நாடு முதலில் போடும், பிறகு எல்லாரும். உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தப்படி இப்படிப்பட்ட விதியை வரைவாக இருக்கும்போதே அறிவிக்க வேண்டும், கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். நம் பக்கத்தில் அந்த அறிவிப்புகளுக்கான விசாரணை மையம் இந்தியத் தர நிர்ணய அமைவனம். அந்த 60 நாளில் வாய் திறக்காமல், அமலுக்கு வந்த பிறகு பையரின் மெயிலைப் பார்த்து வேலி என்று கத்துகிறோம். சங்கக் கூட்டத்தில் இதைக் கேள்.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. 3 மில்லிகிராம் விதி பார்ப்பது ஷூவை மட்டும். அதைத் தைத்த ஊரை அது பார்க்காது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கசடு மலையாகக் கிடக்கிறது. அதில் இருப்பதும் இதே குரோம் சிக்ஸ்தான். மழை பெய்தால் கிணற்றில் இறங்குகிறது. அதற்கு எந்த பையரும் டெபிட் நோட் அனுப்பியதில்லை. டேனரிக் கழிவு கலந்த பாலாற்றுக்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுகூட வேலூர்க்காரர்கள் வழக்குப் போட்டதால்தான்.

அடுத்து வருவது பிஸ்பீனால் எஸ். 2023 ஜனவரியில் ஐரோப்பாவின் மிகக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சல்ஃபோன் வகை சின்டானில் (செயற்கை டானின்) அது தங்கியிருக்கும், வெள்ளைத் தோல் செய்கிறவர்கள் அந்தச் சின்டானை நிறையப் போடுகிறார்கள். 0.1 சதவீதம் தாண்டினால் பையருக்குச் சொல்லியாக வேண்டும். சின்டான் சப்ளையரிடம் மிச்ச அளவை எண்ணாக எழுதி வாங்கு. 'ரீச்சுக்கு உகந்தது' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போடாதே.

இப்போது கையில் இருப்பது. தைத்து முடிந்த ஷூவுக்கு ஒன்றும் செய்ய முடியாது, பையரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும். கட்டிங்குக்குப் போகாத லைனிங் தோலை நிறுத்தி வை. அதைத் திரும்ப நனைத்து, 3 சதவீதம் தாரா போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, ஃபார்மிக்கில் 3.6-க்கு இறக்கி, கழுவிக் காயவைக்கலாம். மென்மை கொஞ்சம் குறையும், லைனிங்குக்குப் பரவாயில்லை. முதலில் ஐந்து தோலில் செய்து பார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஏஜிங் செய்து, அயான் குரோமட்டோகிராஃபியில் பார்க்கச் சொல். ஐந்தும் தேறினால் மீதியைத் தொடு.

அந்த லாட்டின் டிரம் கார்டு நகல் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மோனியா எவ்வளவு, எந்த எண்ணெய், கடைசி ஓட்டம் எத்தனை நிமிடம் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா? அதையும் எழுது.

அன்புடன்,
சேகர்