மிக்சருக்கு முன்னால் எவ்வளவு பெருக்கம் போதும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானொலிப் பெட்டியைத் தாமே கட்டுவோருக்கான செய்முறைக் குறிப்புகளில் ஒரு யோசனை அடிக்கடி தலைகாட்டுகிறது: நிலையம் சரியாகக் கேட்காவிட்டால் மிக்சருக்கு (வரும் சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் கட்டம்) முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேருங்கள். சிற்றலையில் இது பெரும்பாலும் கெடுதலில்தான் முடியும்.

மிக்சரும் அதன் பின்னுள்ளவையும் சேர்ந்து 12 டெசிபல் இரைச்சல் எண் (தாமே சேர்க்கும் இரைச்சலின் அளவு) கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 3 டெசிபல் இரைச்சல் எண்ணும் 10 டெசிபல் பெருக்கமும் உள்ள கட்டத்தைப் போட்டால் மொத்தம் 5.4 ஆகிறது. பெருக்கத்தை 20 ஆக்கினால் 3.3. லாபம் 2 டெசிபல். அதற்கு விலையாக, பக்கத்து நிலையங்கள் எல்லாம் 10 டெசிபல் கூடுதல் வலுவோடு மிக்சரில் மோதுகின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு அமைதியான இடமானாலும் ஆன்டெனா கொண்டுவரும் இரைச்சல் வெப்ப இரைச்சலைவிட (மின்தடை சூட்டால் தானே எழுப்பும் இரைச்சல்) ஏறத்தாழ 30 டெசிபல் அதிகம். அந்த 2 டெசிபலால் காதுக்கு ஒன்றும் கிடைக்காது. சோதிப்பது சுலபம்: ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் மின்தடையை வைத்துக் கேளுங்கள், பிறகு ஆன்டெனாவைச் செருகுங்கள். இரைச்சல் தெளிவாக ஏறினால் உணர்திறன் போதும், டிரான்சிஸ்டர் வேண்டாம்.

முன்கட்டத்தின் (மிக்சருக்கு முன்னுள்ள பகுதியின்) முதல் வேலை பிம்ப அதிர்வெண்ணை, அதாவது மிக்சரில் அதே ஐ.எஃப். ஆக மாறிவிடும் வேறோர் அதிர்வெண்ணைத் தடுப்பது. ஐ.எஃப். (மிக்சரிலிருந்து வெளிவரும் இடை அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், 7100-ஐக் கேட்கும்போது ஆசிலேட்டர் (மிக்சருக்குக் கலக்க அலை தரும் சுற்று) 7555-ல் ஓடும். 8010-ல் இருப்பவரும் அதே 455 ஆகி உள்ளே வந்துவிடுவார். கியூ (தேர்வுக் கூர்மை) 50 உள்ள ஒற்றைச் சுருள் அவரை 22 டெசிபல்தான் அடக்கும். (மத்திய அலையில், 1000 கிலோஹெர்ட்ஸில், அதே கியூ 37 டெசிபல் தடுக்கிறது, அங்கே ஒரே சுருளோடு காலம் தள்ள முடிவது இதனால்தான்.) எனவே 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு சுருள்கள்: டி50-2 இரும்புத்தூள் வளையங்களில் தலா 23 சுற்று, இணையாக 150 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் 60 பிகோஃபாரட் டிரிம்மரும். இரண்டின் மேல்முனைகளுக்கு நடுவே 4.7 பிகோஃபாரட். உள்ளே, வெளியே 50 ஓம் இணைப்புக்குத் தலா 2 சுற்று. 'சத்தம் கூடட்டும்' என்று 3 சுற்று போட்டால் கியூ பாதியாகச் சரிந்து தடுப்பும் போய்விடும். சரியாகக் கட்டினால் இழப்பு சுமார் 4 டெசிபல், பிம்பத் தடுப்பு 35 டெசிபல்.

20 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வான இரைச்சல் குறைகிறது; அங்கே பெருக்கம் தேவைப்படலாம். அதற்கு ஜே310 எஃப்.இ.டி.யை (கேட், சோர்ஸ், டிரெயின் என்ற மூன்று கால்கள் உள்ள டிரான்சிஸ்டர் வகை), கேட்டைத் தரையிட்டுப் பயன்படுத்துவதே நல்லது. சோர்ஸிலிருந்து ஒரு சோக் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் சுருள்), அதன்பின் 180 ஓம், பிறகு தரை. மின்தடைக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட். மின்தடையில் 1.8 வோல்ட் தெரிந்தால் 10 மில்லிஆம்பியர் ஓடுகிறது. ஜே310-கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அளந்து பார்த்து மின்தடையை மாற்றுங்கள். உள்ளீட்டு மின்தடை 100 ஓமுக்குச் சற்று முன்பின்னாக அமையும். கேட் காலை ஒட்ட நறுக்கித் தரைத் தகட்டிலேயே பற்றவைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விட்டாலும் கட்டம் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எங்கோ தானே ஊசலாடத் தொடங்கலாம். விரலை அருகே கொண்டுபோனால் அந்த 1.8 வோல்ட் அசைவதே அடையாளம். டிரெயினில் 22 ஓம் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

பிசி547 டிரான்சிஸ்டரை 1 மில்லிஆம்பியரில், எமிட்டரை முழுக்கத் தரையிட்டு ஓட்டுவதுதான் குறிப்புகளில் மலிந்திருக்கும் தவறு. பேஸ்-எமிட்டர் சந்தி சில மில்லிவோல்ட் சிக்னலிலேயே நேர்விகிதம் தப்பி வளைந்துவிடும். டிரான்சிஸ்டரே வேண்டுமென்றால் 2என்3904-ல் 20 மில்லிஆம்பியர், பைபாஸ் கெப்பாசிட்டர் இல்லாத 10 ஓம் எமிட்டர் மின்தடை, கலெக்டரிலிருந்து பேஸுக்குக் கெப்பாசிட்டர் வழியாக 1 கிலோ ஓம், வெளியே 4:1 டிரான்ஸ்ஃபார்மர். டையோடு வளைய மிக்சர் என்றால் நடுவே 3 டெசிபல் பேடும் (வலுவைக் குறைக்கும் மின்தடைக் கூட்டு) வேண்டும்: 300, 18, 300 ஓம்.

உண்மையில் ஒலிபரப்பில் இல்லாத நிலையங்கள் பெட்டியில் கேட்கின்றனவா? ஆன்டெனாவில் 6 டெசிபல் பேடை (150, 39, 150 ஓம்) செருகுங்கள். உண்மையான நிலையம் 6 டெசிபல் இறங்கும். மூன்றாம் படி கலப்பில் (வலுவான நிலையங்கள் தமக்குள் கலப்பதில்) பிறந்த போலி 18 டெசிபல் இறங்கும். அப்படி இறங்கினால் முன்கட்டத்தின் பெருக்கத்தைக் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்