சுங்கை சிப்புட்டில் ஒரு ராலீஸ் மாலை: தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் தோட்டத்துப் பழைய மண்டபத்தில் நாங்கள் நடத்திய நினைவுக் கூட்டம் நல்லபடியாக நிறைவேறியது. லே ராலீஸ் டெனுடே என்ற ஜப்பானிய ராக் குழுவுக்கு மலேசியத் தோட்டப்புறமான நம் சுங்கை சிப்புட்டில் நினைவுக் கூட்டமா என்று கேட்டவர்கள் பலர். அப்படிக் கேட்டவர்களே பிறகு நாற்காலி தூக்கினார்கள், மின்கம்பி இழுத்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். வந்திருந்தவர்களில் அந்த இசையை ஏற்கெனவே அறிந்து விரும்புகிறவர்கள் ஒரு கைப்பிடிதான். மற்ற அனைவரும் எங்கள் முகத்துக்காக வந்தவர்கள், எங்கள் முகத்துக்காக உழைத்தவர்கள். இந்த மடல் முதலில் அவர்களுக்கு.

யாரை நினைவுகூர்ந்தோம் என்பது அன்று பின்வரிசையில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஆகையால் இங்கே சொல்லிவிடுகிறேன். 1967இல் கியோத்தோ நகரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தொடங்கிய குழு அது. தலைவர் தக்காஷி மிசுத்தானி. கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, நீண்ட முடி. மேடையை இருட்டாக்கிவிட்டு, மின்னி மறையும் விளக்கையும் சுழலும் கண்ணாடிப் பந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். பாஸ் கிட்டார் மூன்று நான்கு சுரங்களையே விடாமல் சுற்றிச் சுற்றி வரும். அதற்கு மேலே மிசுத்தானியின் கிட்டார் அலறும். ஒரு பாட்டு இருபது நிமிடத்தைத் தாண்டியும் போகும். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு வாசித்தும் தங்கள் பெயரில் தனி இசைத்தட்டு என்று அவர்கள் ஒன்றும் வெளியிடவில்லை. 1991இல்தான் மூன்று குறுந்தட்டுகள் வந்தன. அவையும் பழைய பதிவுகள். கொஞ்சமாக அச்சாகிக் கடையிலிருந்து மறைந்தவை. மீதியில் பெரும்பாலானவை ரசிகர்கள் கூட்டத்தில் நின்று பதிவுசெய்து கை மாற்றிக்கொண்ட ஒலிநாடாக்கள். குழுவாக அவர்கள் கடைசியாக மேடையேறியது 1996இல். மிசுத்தானி 2019இல் காலமானார். அந்தச் செய்தி வெளியுலகத்துக்குத் தெரியவந்ததே 2021இல்தான். அது பெருந்தொற்றுக் காலம். கூடி அழக்கூட வழியில்லை. மனத்தில் கிடந்த அந்தக் கடனைத்தான் இப்போது தீர்த்தோம்.

இந்த இசை நம் ஊருக்கு வந்த வழி ஒரே வழி. 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் நம் நாட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜப்பானுக்குப் போனார்கள் அல்லவா, அப்படித் தொண்ணூறுகளில் போய்வந்தவர் எங்கள் அண்ணன். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கே விடுதியில் உடன் தங்கியிருந்த நண்பர் அந்தக் குறுந்தட்டுகளில் ஒன்றைக் கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறார். அண்ணன் ஊர் திரும்பியதும் நாங்கள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டது அதைத்தான். அண்ணன் இப்போது இல்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் கலைந்து தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்குப் போனபோது எவ்வளவோ பொருள்கள் காணாமற்போயின. அண்ணி அந்தக் கேசட்டைக் குழந்தைகளின் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார். "எனக்கு அது வெறும் இரைச்சல்தான் தம்பி. ஆனால் அவர் அதைக் கேட்கும்போது யாரையும் திட்டமாட்டார்" என்று சொல்லி எங்கள் கையில் கொடுத்தார். அண்ணி, உங்களுக்கு எங்கள் முதல் வணக்கம்.

கேசட் கிடைத்தது, ஆனால் ஓடவில்லை. நம் ஊர் ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூசணம். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை அப்படியே ஓட்டினால் நாடாவும் போகும், கருவியும் போகும்" என்று தடுத்தார். பிறகு பொறுமையாக உறையின் திருகாணிகளைக் கழற்றி, நாடாவைத் துடைத்துத் துடைத்துச் சுற்றி, வேறொரு நல்ல உறைக்குள் மாற்றினார். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. அதையும் புதிதாக ஒட்டினார். அவருடைய கருவியிலேயே ரப்பர் பட்டை உருகித் தாராகிக் கிடந்தது. ஈப்போவில் கடை கடையாகத் தேடிப் பொருத்தமான பட்டையை வாங்கி மாட்டினார். கூலி வாங்கவில்லை. மாமா, நாடாவை ஒருமுறை முழுதாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்ட அந்த இரவு நீங்கள் இல்லாமல் வந்தே இருக்காது.

இனி, மண்டபத்தின் சாவியை வைத்திருக்கும் பெரியவரைப் பற்றி. அவருக்கு இரண்டு வரியில் நன்றி சொல்ல என்னால் முடியாது.

ஊருக்குள் முதலில் கேட்ட மண்டபத்தில் ராக் என்றதும் மறுத்துவிட்டார்கள். தோட்டத்து மண்டபம்தான் மிச்சம். பெரியவர் எண்பதைத் தாண்டியவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1943இல், அவருடைய தந்தையை இதே வட்டாரத்துத் தோட்டத்திலிருந்து ஜப்பானியர் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் தின்றவர்கள் போக மீண்டவர்கள்தான் திரும்பினார்கள். பெரியவரின் தந்தை திரும்பவில்லை. தாயார் ரப்பர் மரத்தில் பால் வெட்டி அவரை வளர்த்தார். அப்படிப்பட்டவரிடம் போய் ஜப்பான்காரர் ஒருவருக்கு நினைவுக் கூட்டம் நடத்தச் சாவி கேட்க எங்களுக்குக் கால் எழவில்லை. ஆனால் மறைத்து வாங்குவதும் தகாது.

முழுவதையும் சொன்னோம். மிசுத்தானி போருக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை, வியட்நாம் போருக்கும் அமெரிக்காவோடு செய்த ராணுவ ஒப்பந்தத்துக்கும் எதிராக ஜப்பானிய மாணவர்கள் தெருவில் இறங்கிய காலத்துப் பிள்ளை என்று சொன்னோம். அந்தக் குழுவில் முதலில் பாஸ் வாசித்த மோரியாக்கி வாக்காபாயாஷி, 1970 மார்ச் 31 அன்று செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரிக் குழுவினர் ஒன்பது பேரில் ஒருவராக ஒரு பயணிகள் விமானத்தைக் கடத்தி வட கொரியாவுக்குப் போனதையும் சொன்னோம். அது அந்தக் குழுவின் வரலாற்றில் இருக்கிறது. அதைப் பெருமையாகப் பேசுகிற ரசிகர்கள் உண்டு. நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. மிசுத்தானி போனது இசையின் வழியில். நாங்கள் நினைவுகூர்வது அந்த வழியை.

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையனின் அப்பன் என்ன செய்தானோ, அது பையனின் கணக்கு இல்லை. ஆனால் என் அப்பாவுக்கு யாரும் கூட்டம் போடவில்லை" என்றார்.

அதனால்தான் அன்று மாலை முதலில் குத்துவிளக்கு ஏற்றிச் சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களுக்கு மௌன வணக்கம் செலுத்தினோம். விளக்கை ஏற்றியவர் பெரியவர். தங்கள் குடும்பத்தில் போய்த் திரும்பாதவர்களின் பெயரைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அறிவித்தோம். இரண்டு மூன்று பேர் எழுவார்கள் என்று நினைத்திருந்தோம். தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், பெயர் தெரியாமல் உறவுமுறை மட்டும் என்று வரிசையாக எழுந்துகொண்டே இருந்தார்கள். ஜப்பானில் படித்துவிட்டு வந்து இப்போது பினாங்கில் வேலை செய்யும் தங்கை, அன்று பாட்டு வரிகளின் பொருளைச் சொல்ல வந்திருந்தவர், அந்தப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்தத் தாளைப் பெரியவரிடமே ஒப்படைத்துவிட்டோம். ஐயா, நீங்கள் மண்டபத்தை மட்டும் எங்களுக்குத் திறந்துவிடவில்லை. நாங்கள் கேட்கத் தவறியிருக்கக்கூடிய ஒன்றையும் கேட்கவைத்தீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து முதல் பாட்டின் இருபது நிமிடத்தையும் அசையாமல் கேட்டீர்கள். முடிந்ததும் "ஒரே அடி. ஆனால் விடமாட்டேன் என்கிறான்" என்றீர்கள். இவ்வளவு ஆண்டுகளாக அந்த இசையைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சில் இதைவிடச் சரியான சொல் வந்ததில்லை.

ஒலிபெருக்கி தந்த உறுமி மேளத் தம்பிகளே, உங்களுக்கு என்ன சொல்ல! தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலில் காவடிகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் வாசிக்கும் கைகள் உங்களுடையவை. கேசட்டைப் போட்டுக் காட்டியபோது, "அண்ணா, இது அருள் வருவதற்கு முன்னால் அடிக்கிற அடி" என்று உங்களில் ஒருவர் சொன்னதும் எங்களுக்கு நிம்மதி. பெரிய பெட்டிகளையும் ஆம்பிளிஃபையரையும் லாரியில் ஏற்றிவந்து வாடகை பேசாமல் இறக்கினீர்கள்.

ஒலியைக் கவனித்த தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவில் விழாவில் ஒலிபெருக்கி ஊளையிட்டால் ஓடிப்போய்க் குறைப்பதுதான் அவர் வேலை. ஒத்திகையில் பாட்டு தொடங்கிய உடனே கருவி கெட்டுவிட்டது என்று பாய்ந்தார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மறுபடி கிட்டாரின் கம்பியை அதிரவைத்து, அது மறுபடி ஒலிபெருக்கிக்கே போய்ச் சுழலும்போது எழும் ஊளையைத்தான் மிசுத்தானி வேண்டுமென்றே வளர்த்து வாசிக்கிறார் என்று விளக்கினோம். உடனே புரிந்துகொண்டார். அது மட்டும் இல்லை: கேசட்டில் அந்த ஊளை மெலிந்து போயிருப்பதைக் கண்டுபிடித்து, பெட்டிகளை மேடையில் நேராக வைக்காமல் இரண்டு சுவர் மூலைகளை நோக்கித் திருப்பினார். தகரக் கூரையின் கீழ் அன்று எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஜப்பானில் அந்தக் குழுவின் முன்னாள் உறுப்பினர் மக்கோத்தோ குபோத்தா பழைய நாடாக்களைச் செப்பனிட்டு, சில ஆண்டுகளாக முறையாக வெளியிட்டுவருகிறார். அந்தத் தெளிவான பதிவுகளையும் அன்று போட்டோம். இருந்தாலும் கூட்டம் மறுபடி கேட்டது அண்ணனின் கேசட்டைத்தான்.

மண்டபத்துக்கு அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்கும் நன்றி. மக்ரிப் தொழுகை முடியும்வரை ஒலிபெருக்கியைத் திறக்கமாட்டோம் என்று சொல்லப் போனபோது, அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தாமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரவில் பேரனோடு வந்து கதவோரம் நின்றும் கேட்டார். கல்யாண மேடை அலங்காரம் செய்யும் அண்ணன் கண்ணாடிப் பந்தைத் தந்து, ஏணி ஏறித் தாமே மாட்டியும் விட்டார். தைப்பிங்கிலிருந்தும் கூலிமிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்த தோழர்கள், வந்த களைப்போடு நாற்காலிகளைத் துடைத்தார்கள். மீகூன் எனும் அரிசிச் சேமியாவும் வடையும் சுண்டலும் செய்த அத்தைமார், கடைசி ஆள் சாப்பிடும்வரை தாங்கள் பசியாறவில்லை. "பாட்டு முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்டுக் கேட்டுத் தேநீரைச் சூடாகவே வைத்திருந்ததை நாங்கள் மறக்கமாட்டோம்.

சில காரியங்கள் பாக்கி இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மீதித் தொகையில் மண்டபத்து ஜன்னல் கொக்கிகளை மாற்றித் தருவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறோம். கேசட்டின் பதிவு வேண்டுபவர்கள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தால் ஏற்றித் தருகிறோம். காசு வேண்டாம், அண்ணனும் காசு வாங்கியதில்லை. சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை அன்று சொல்ல முடியாதவர்கள் பெரியவரிடமே நேரில் சொல்லலாம். தாளில் இன்னும் இடம் இருக்கிறது. இடம் போதாவிட்டால் புதிய தாள் இணைப்போம். அத்தையின் பெரிய அண்டா சமையற்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் மூடியை யாரோ தவறுதலாக எடுத்துப்போயிருக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோவில் மடப்பள்ளியில் கொடுத்துவிடுங்கள். அத்தைக்கு அன்று பொங்கல் வைக்க வேண்டும்.

நன்றியுடனும் அன்புடனும்,
ராலீஸ் ரசிகர்கள் சார்பில்,
சுங்கை சிப்புட், பேராக்